கோட்டுக்குக் கீழே

பிளாண்டயர் பெரிய ஆஸ்பத்திரியில்
வட்டங்களை அளப்பது என் வேலை.
தட்டில் கிருமியைப் புல்வெளியாய்ப் பரப்பி
மருந்து தோய்ந்த காகிதப் பொட்டுகளை வைத்து மூடினால்
மறுநாள் காலை
ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும்
கிருமி அண்டாத ஒரு வெறுமை விழுந்திருக்க வேண்டும்.
இருபத்திரண்டு மில்லிமீட்டர் என்றால் நிம்மதியாகத் தேநீர் குடிப்பேன்.
பதினாலு என்றால்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளப்பேன்.
இன்று
பொட்டின் விளிம்புவரை முளைத்திருக்கிறது.
அளக்க எதுவும் இல்லை.
பேரேட்டில் ஆறு என்று எழுதுகிறேன்.
அது வெறும் காகிதத்தின் அகலம்.

பிறந்து நாலு நாளான ரத்தம் அது.
இன்னும் பெயர் வைக்கவில்லை,
சீட்டில் "ஈனெஸ்ஸின் பெண்" என்றிருக்கிறது.
ஒரு மாத்திரைகூட விழுங்கியதில்லை அவள்.
பிள்ளைக்கு மருந்து, தாய்க்குப் பத்தியம் என்பார்கள்.
இங்கே மருந்து தின்றது ஊர்.
பத்தியம்
நாலு நாள் பிள்ளைக்கு.

யாரைக் கூண்டில் ஏற்றுவது?
என் தம்பி லொன்ஜேசோ
நிடிராண்டே சந்தையில்
சிவப்பும் கறுப்புமான கேப்சூல்களை உதிரியாக விற்கிறான்.
நாலுக்குத்தான் காசு என்றால் நாலு.
காசே இல்லையென்றால் இரண்டு, கடனுக்கு.
நல்லவன் என்று பெயர்.
ஃபைசனின் குஞ்சுகள் போன மழையில் கொத்துக் கொத்தாய்ச் செத்தன,
இந்த மழைக்கு முன்பே
தண்ணீரில் ஒரு மூடி கலந்து வைக்கிறார்.
இரவு டாக்டர் அலினாஃபேவுக்கு
என் முடிவு போய்ச்சேர மூன்று நாளாகும்.
குழந்தைக்கு மூன்று நாள் இல்லை.
எடுத்த எடுப்பில்
அலமாரியின் கடைசி மருந்தை ஏற்றுகிறாள்.
என் கைப்பையிலும் இருக்கிறது பாதி அட்டை.
சளிக்கு வாங்கியது.
சளிக்கு அது கேட்காது என்று தெரிந்தே வாங்கியது.

தனித்தனியே கேட்டால்
எல்லார் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது.
கூட்டி எழுதினால்தான்
தொகை பிசகுகிறது.
முடி ஆறு
ஒருவரையும் பெயர் கேட்காமல்
எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே போகிறது.

ஆண்டறிக்கையில்
நூற்றுக்கு எழுபது எதிர்க்கின்றன என்று எழுதினோம்.
"எந்த நூறு?" என்றாள் வெஸி,
கணக்குப் பிரிவுக்குப் புதிதாய் வந்தவள்,
வாயில் சோளத்தோடு.
"ஆஸ்பத்திரிக்கு வந்த நூறு."
"யார் வருவார்கள்?"
தம்பியின் கேப்சூல் கேட்காதவர்கள்.
மினிபஸ்ஸுக்குக் காசு புரட்டியவர்கள்.
வழியில் சாகாதவர்கள்.
சொல்லிக்கொண்டே வந்தவள்
பாதியில் நின்றுவிட்டேன்.

பள்ளிக்கூடத்துப் பாடம்தான்.
கோட்டுக்கு மேலே தொகுதி,
கீழே பகுதி.
பதினோரு வருடம்
மேலே இருப்பதை மில்லிமீட்டர் சுத்தமாய் அளந்திருக்கிறேன்.
கீழே இருக்கும் பகுதி எந்தப் பகுதி,
எந்தச் சந்து, எந்தத் தகரக் கூரை,
ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை.

குலுக்கலில் விழுந்த எண்படி நடக்கிறோம்.
சேறு. வெஸியின் செருப்பு அறுந்து கையில்.
நாற்பத்தேழாம் வீட்டில் ஒருத்தி
மழைக்குப் பயந்து உசிபா மீனை உள்ளே அள்ளிக்கொண்டிருந்தாள்.
"இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை."
"அதனால்தான் வந்தோம்."
டப்பியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.
"சுகமாய் இருக்கிறவர்களிடம்
மலம் கேட்டு வந்த முதல் ஆட்கள் நீங்கள்தான்"
என்று பக்கத்து வீட்டையும் கூப்பிட்டுச் சிரித்தாள்.
நாங்களும் சிரித்தோம்.
வேறு என்ன செய்வது.

மூன்று நாளாய் வார்டுப் பக்கம் போகவில்லை நான்.
ஈனெஸ்ஸின் பெண் இருந்த படுக்கை எண்ணில்
வேறு சீட்டு வந்திருந்தது.
கேட்கவில்லை.

"மூடி இறுக்கமாய் நிற்குமா?" என்றாள் மீன்காரி.
நிற்கும் என்றேன்.
"காலையில் வா."
மழை தாளை நனைக்குமுன்
கோடு போட்டு
அதன் கீழே எழுதிக்கொண்டேன்:
ஒன்று.